மொட்டை மாடியில் கேஸ் அடுப்பு: சுடப்போவது கோழியையா, கையையா?

ஆழ்வார்குறிச்சிக்கு மேற்கே மலை. மலை அடிவாரத்தில் சிவசைலம். அருகே கடனாநதி அணை. ஆனி, ஆடி மாதங்களில் மலையைத் தாண்டிச் சாரல் வரும். சாரலோடு காற்றும் வரும். சாதாரணக் காற்று அல்ல! செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் அந்தக் காற்றை நம்பித்தான் தென்காசி வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன.

அந்தக் காற்றில், மொட்டை மாடியில் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, கோழி சுட்டுச் சாப்பிட வேண்டும் என்று இப்போது ஓர் ஆசை கிளம்பி இருக்கிறது. அதற்கு "பார்பிக்யூ" என்று பெயர். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது கூடவே இந்த ஆசையையும் கொண்டு வருகிறார்கள். சில பேர் அடுப்பையே பெட்டியோடு கொண்டு வருகிறார்கள்.

ஆசை தப்பு இல்லை. சுட்டுத் தின்பது நமக்குப் புதிதும் இல்லை. சோளக்கதிரைச் சுட்டோம். சீனிக்கிழங்கைச் சாம்பலில் புதைத்துச் சுட்டோம். கத்தரிக்காயைத் தணலில் வாட்டித் துவையல் அரைத்தோம். அமெரிக்காவில் 1952-ஆம் ஆண்டு ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், கடலில் மிதக்கவிடும் இரும்பு மிதவையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் கரி போட்டு, மறு பாதியை மூடியாக்கி ஓர் அடுப்புச் செய்தார். காற்றிலும் மழையிலும் கறி சுடுவதற்கு அவர் கண்ட வழி அது. பிறகு கரிக்குப் பதிலாக கேஸில் எரியும் அடுப்புகளும் வந்தன. அவை கடல் தாண்டி இன்று நம் மாடிப்படி ஏறி இருக்கின்றன. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் விறகு நெருப்பு வேறு. கேஸ் நெருப்பு வேறு. இது புரியாமல் மாடிக்கு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போவதுதான் தப்பு!

விறகு அணைந்தால் புகை, கேஸ் அணைந்தால்?

விறகு அடுப்பு அணைந்து போனால் என்ன ஆகும்? புகை வரும். கண் எரியும். ஊதாங்குழலை எடுத்து ஊதினால் மறுபடியும் எரியும். அபாயம் ஒன்றும் இல்லை.

கேஸ் அடுப்பு அப்படி அல்ல. சுடர் அணைந்தாலும் குழாய் மூடாது. கேஸ் வந்துகொண்டே இருக்கும். சுடர் அணைந்தால் தானாக அடைத்துக்கொள்ளும் அமைப்பு சில அடுப்புகளில் உண்டு. விலை மலிவான அடுப்புகள் பலவற்றில் கிடையாது. பட்டப்பகலில், வெளிச்சத்தில், நீலச் சுடர் எரிகிறதா அணைந்ததா என்று கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. குனிந்து பார்க்கத்தான் வேண்டும்.

வெளியே வந்த கேஸ் எங்கே போகும்? புகை மேலே போகும். அதனால் கேஸும் மேலே போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை! சிலிண்டரில் இருக்கும் கேஸ் காற்றைவிடக் கனமானது. ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். அது தண்ணீரைப் போலக் கீழே இறங்கும். பள்ளம் கண்ட இடத்தில் தேங்கும்.

நம் மொட்டை மாடியின் அமைப்பைப் பாருங்கள். நாலு பக்கமும் கைப்பிடிச் சுவர். நடுவில் அடுப்பு. ஒரு மூலையில் மாடிப்படி. காற்று இல்லாத நேரத்தில் கேஸ் கசிந்தால் அது எந்த வழியாக இறங்கும்? மாடிப்படி வழியாகத்தான்! படி முடிகிற இடத்தில் சாமி விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கலாம். ஒரு பொறி போதும்.

எவ்வளவு கேஸ் இருந்தால் ஆபத்து? காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே அது தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஓர் அறைக்குக் கணக்குப் போட்டால், சுமார் ஒரு கிலோ கேஸ் போதும். வீட்டு சிலிண்டரில் இருப்பதோ 14.2 கிலோ!

கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. நாம் முகருகிற அந்தக் கெட்ட வாடை, கசிவு தெரியட்டும் என்பதற்காகவே சேர்க்கப்படுவது. மாடியில் மசாலா வாடையும் புகையும் காற்றும் சேர்ந்துகொண்டால், அந்த வாடையும் மூக்குக்கு எட்டாமல் போகலாம்.

"நீங்க வெங்காயத்த வெட்டுங்க!"

ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் வீடுதான். லீவுக்கு எல்லோரும் வந்திருக்கிறார்கள். சாயங்காலம். மாடியில் அடுப்பு. ஆண்பிள்ளைகள் நாலு பேர் அதைச் சுற்றி நிற்கிறார்கள். அவர்களில் மூன்று பேர் அடுக்களைப் பக்கம் போய்ப் பல வருஷம் ஆகிறது! கீழே பெண்கள் வெங்காயம் வெட்டுகிறார்கள்.

வீட்டின் மூத்த மருமகள் தட்டோடு மேலே வருகிறாள். தினமும் மூன்று வேளை கேஸ் அடுப்பில் நிற்கிறவள்.

"தம்பி, கேஸ் வாடை அடிக்கே. ரெகுலேட்டரைப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் பாத்தாச்சு மதினி. நீங்க வெங்காயத்த வெட்டுங்க."

சற்று நேரத்தில் சாரல் பிடிக்கிறது. மாமா குரல் கொடுக்கிறார்: "ஏலே, தூத்த போடுதுலே. அடுப்பை அந்த ஓலைக் கொட்டகைக்குள்ள இழுத்துப் போடு!"

இது கற்பனைதான். ஆனால் இப்படி நடக்காது என்று யாராவது சத்தியம் செய்வார்களா?

ஓலைக் கொட்டகைக்குள் அடுப்பை இழுப்பது, தெரிந்தே கூரைக்குத் தீ வைப்பது. தார்ப்பாய்க்குக் கீழே இழுப்பதும் அதேதான். இறைச்சியில் இருந்து நெய் சொட்டினால் சுடர் இரண்டு அடி எழும். அடைத்த இடமாக இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. போதிய காற்று இல்லாமல் எரியும் நெருப்பு, கரிமோனாக்சைடு என்ற விஷ வாயுவைக் கக்கும். அதற்கு நிறம் இல்லை, வாடை இல்லை. கேஸைவிடக் கரி இதில் இன்னும் மோசம். மழை வந்தால் அடுப்பை அணைக்க வேண்டும். அடுப்பைக் கூரைக்குள் கொண்டுபோகக் கூடாது. பாதி வெந்த கோழியைக் கீழே கொண்டுபோய்ச் சட்டியில் போட்டு முடித்துக்கொள்ளலாம். மானம் போய்விடாது!

அந்த மதினியின் பேச்சைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கேஸ் அடுப்பைப் பற்றி உண்மையாகத் தெரிந்தவர்கள் பெண்கள். 1965-இல் கல்கத்தாவில் இண்டேன் சிலிண்டர் முதல் வீட்டுக்குப் போனது. அதன்பின் பல காலம் கேஸ் அடுப்பு என்பது வசதி உள்ளவர் வீட்டுச் சாமானாகவே இருந்தது. 2006-இல் அமைந்த தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016-இல் மத்திய அரசு உஜ்வலா திட்டம் கொண்டுவந்தது. விறகு சுமந்த பெண்களின் கைக்கு சிலிண்டர் வந்தது. ரப்பர் வளையம் தேய்ந்தால் எப்படி வாடை வரும், சுடர் மஞ்சளாக எரிந்தால் என்ன கோளாறு என்பதெல்லாம் அவர்கள் பழகித் தெரிந்துகொண்டவை.

அப்படி இருக்க, அடுக்களையில் அவளுக்குக் கொடுக்கும் அதிகாரத்தை மாடியில் பறிப்பது என்ன நியாயம்? "அணை" என்று அவள் சொன்னால் அணைத்துவிட வேண்டும். விவாதம் அப்புறம்.

எந்த சிலிண்டர்?

வீட்டில் சமைக்கிற 14.2 கிலோ சிலிண்டரைக் கழற்றி மாடிக்குத் தூக்குவதை முதலில் நிறுத்த வேண்டும். காலி சிலிண்டரே சுமார் 15 கிலோ. நிறைந்தால் ஏறக்குறைய 30 கிலோ. அதைத் தோளில் வைத்து, குறுகலான படியில் ஏறும்போது கை நழுவினால் என்ன ஆகும்? அது மட்டும் அல்ல. அடிக்கடி கழற்றி மாட்டினால் உள்ளே உள்ள ரப்பர் வளையம் சேதப்படும். மறுநாள் காலையில் காபி போட அவசரமாக மாட்டும்போது சரியாக உட்காராமல் போகும். மாடியில் செய்த தப்பின் பலன் அடுக்களையில் வந்து விடியும்.

5 கிலோ சிறிய சிலிண்டர் கிடைக்கிறது. கேஸ் ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்க்குகளிலும் வாங்கலாம். தூக்குவது சுலபம். மாடிக்கு அது போதும். அதற்குரிய ரெகுலேட்டரையும் அங்கேயே கேட்டு வாங்க வேண்டும்.

வெளிநாட்டில் இருந்து வந்த அடுப்பா? இன்னும் ஜாக்கிரதை! அந்த நாட்டு சிலிண்டரின் வாய் வேறு, மரை வேறு. நம் சிலிண்டருக்குப் பொருந்தாது. "ஒரு கிளிப் போட்டு இறுக்கிக் கொடுப்பா" என்று பட்டறையில் கொடுத்து ஒட்டுவேலை செய்வது சைக்கிளுக்குச் சரி. கேஸுக்குச் சரிப்படாது. பொருந்தவில்லை என்றால் அந்த அடுப்பு பரணில் கிடக்கட்டும்.

கல்யாணச் சமையல்காரர்கள் உபயோகிக்கும் வேகமான அடுப்பின் ரெகுலேட்டரை வாங்கி வந்து மாட்டுவதும் கூடாது. அது அதிக அழுத்தத்தில் கேஸைத் தள்ளும். சிறிய அடுப்பு தாங்காது.

சிலிண்டர் வாங்கும்போது அதன் மேல் வளையத்துக்குக் கீழே உள்ள பட்டையில் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். அது ஆங்கில எழுத்து. ஏ, பி, சி, டி என்ற நாலில் ஒன்று. "ஏ" என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. "டி" என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பக்கத்தில் உள்ள எண் வருஷம். அந்தக் காலத்துக்குள் சிலிண்டரை மறுபடியும் பரிசோதிக்க வேண்டும் என்பது அதன் பொருள். கெடு தாண்டி இருந்தால் வாங்காதீர்கள். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்காத பக்கத்து வீட்டுக்காரருக்கும் பார்த்துச் சொல்லலாம். ஒரு நிமிஷ வேலை.

ரப்பர் குழாய் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வெடிப்புக் கண்டால் அன்றே மாற்ற வேண்டும். நெல்லைச் சீமை வெயிலில் மாடியில் போட்டுவைத்த குழாய் அத்தனை வருஷம் தாங்காது. எலி கடிக்கும் தொல்லை வேறு!

பற்றவைக்கும் முன்பு

சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். படுக்கப் போடக் கூடாது. அடுப்புக்கு நேர் கீழே வைக்காமல் பக்கத்தில் தள்ளி வையுங்கள். குழாய் அடுப்புக்கு அடியில் போகக் கூடாது. குழந்தைகள் ஓடும் வழியிலும் கிடக்கக் கூடாது. துணி காயும் கொடி, ஓலை, விறகுக் கட்டு எல்லாம் பத்து அடி தள்ளி இருக்கட்டும்.

பிறகு சோப்புத் தண்ணீர். ஒரு கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து, இணைப்புகளில் எல்லாம் துணியால் தடவுங்கள். கேஸைத் திறந்து பாருங்கள். குமிழி கிளம்பினால் கசிவு. தீக்குச்சியைக் கிழித்துப் பார்க்கும் வீரர்கள் சிலர் உண்டு. அவர்களை மாடியில் ஏற்றவே கூடாது.

பற்றவைக்கும்போது அடுப்பின் மூடி திறந்திருக்க வேண்டும். இது மிகவும் முக்கியம். மூடியை மூடிக்கொண்டு கேஸைத் திறந்தால் உள்ளே கேஸ் நிறையும். பொறி பட்டதும் "டப்" என்று மூடி பறக்கும். புருவமும் பறக்கும். ஒரு முறை பற்றவில்லை என்றால் உடனே மறுபடியும் திருகாதீர்கள். கேஸை அடைத்துவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். தேங்கிய கேஸ் கலையட்டும்.

கிட்டே நிற்பவர் பருத்தி ஆடை உடுத்தி இருக்க வேண்டும். நைலான் சேலை, பாலியெஸ்டர் சட்டை கூடாது. வேட்டி நுனியும் துப்பட்டாவும் காற்றில் பறக்காமல் இழுத்துச் சொருகிக்கொள்ளட்டும். பலத்த காற்று அடிக்கும் நாளில் பற்றவைக்கவே வேண்டாம். தகரம் வைத்து மறைத்துக்கொள்கிறோம் என்பார்கள். தகரம் காற்றை மறைக்கும். அடுப்புக்கு வேண்டிய காற்றையும் மறைக்கும். சூட்டைத் திருப்பி சிலிண்டர் மேல் அடிக்கும். அன்றைக்குத் தோசைக்கல்லே போதும்.

ருசி எங்கே இருக்கிறது?

இவ்வளவும் செய்து சுட்ட கோழி வெளியே கரி, உள்ளே பச்சை ரத்தம் என்று இருந்தால்? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது! காரணம் அவசரம்.

அடுப்பைப் பற்றவைத்த பின், மூடியை மூடிப் பத்து நிமிஷம் காயவிட வேண்டும். கம்பி நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் தொட்ட துணியை இடுக்கியில் பிடித்துத் துடைத்தால் கறி ஒட்டாது. அடுப்பில் இரண்டு சுடர் இருந்தால் ஒன்றைக் கூட்டி, மற்றதைக் குறைத்து வையுங்கள். ஒரு பக்கம் பெரும் சூடு, மறு பக்கம் இளஞ்சூடு. முதலில் பெரும் சூட்டில் நிறம் வர வாட்டி, பிறகு இளஞ்சூட்டுப் பக்கம் தள்ளி, மூடி போட்டு வேகவிட வேண்டும். ருசியின் ரகசியம் இதுதான். வேறு மந்திரம் இல்லை.

கோழி உள்ளே 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் பத்திரம். அதை அளக்கும் ஊசி விற்கிறது. ஊசி இல்லாதவர்கள் எலும்பு ஓரத்தில் கீறிப் பார்க்கலாம். சிவப்புச் சாறு வந்தால் இன்னும் வேக வேண்டும். நாட்டுக்கோழிக்கு இந்த அடுப்பு லேசில் மசியாது. அதன் சதை முரடு. மஞ்சளும் உப்பும் போட்டு முதலில் அவித்து, பிறகு மசாலா தடவிச் சுட்டால்தான் பல்லுக்கு வசப்படும். தூத்துக்குடியில் இருந்து வரும் சீலா மீன் துண்டை மசாலா பூசி, வாழை இலையில் மடித்து வைத்தால் உடையாமல் வேகும். தாமிரபரணிப் பாசனத்தில் வாழை இலைக்கா பஞ்சம்?

மசாலாவில் எண்ணெயைக் கொட்டிப் பிசையாதீர்கள். அது சொட்டிச் சொட்டித்தான் சுடர் எழும். அப்படி எழுந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெய் நெருப்பில் தண்ணீர் விழுந்தால் நெருப்புச் சிதறும். கறியை ஓரமாகத் தள்ளி, திருகைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் திருகை அடைத்து, சிலிண்டரையும் அடைக்க வேண்டும். சிலிண்டர் வாயிலேயே தீ என்றால் கிட்டே போகாதீர்கள். எல்லோரையும் கீழே இறக்கி, தெருவுக்கு அனுப்பி, 101-க்குப் போன் செய்யுங்கள்.

பச்சைக் கறி வைத்த தட்டிலேயே வெந்த கறியை எடுத்து வைப்பது இன்னொரு கெட்ட பழக்கம். நெருப்பில் தப்பித்தவன் வயிற்றுப்போக்கில் மாட்டிக்கொள்வான்.

சைவக் குடும்பங்கள் இந்த அடுப்பைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை. கத்தரிக்காயும் குடமிளகாயும் பன்னீரும் இதில் அருமையாக வரும். பாதி பழுத்த ஏத்தன்பழத்தைத் தோலோடு வைத்து, தோல் கறுத்ததும் எடுத்துப் பிளந்து, மேலே கருப்பட்டிப் பாகு விட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள்!

கையில் சுட்டுக்கொண்டால்

இங்க் தடவுவார்கள். மாவு பூசுவார்கள். பற்பசை அப்புவார்கள். மூன்றும் தப்பு. ஓடும் தண்ணீரில் 20 நிமிஷம் கையைக் காட்ட வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது. கொப்புளத்தைக் குத்தக் கூடாது. பெரிய காயம் என்றால் சுத்தமான துணியால் மூடி, உடனே ஆஸ்பத்திரி.

ஏஜென்சியும் கடைக்காரரும்

குற்றம் முழுவதையும் குடும்பங்கள் தலையில் போட்டுவிட முடியாது. இந்த அடுப்புகளோடு வரும் விளக்கப் புத்தகம் பலவும் இங்கிலீஷில் இருக்கிறது. பொடி எழுத்து. படித்தவர்களே புரட்டுவதில்லை. பட்டாசுப் பெட்டியில்கூடத் தமிழில் எச்சரிக்கை போட முடிகிறது. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் அடுப்புக்கு ஒரு பக்கம் தமிழ் அச்சடிக்க முடியாதா? பெரிய எழுத்தில், படத்தோடு, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் படிக்கும்படி அது இருக்க வேண்டும்.

புது இணைப்பு வாங்கும் அன்று கேஸ் ஏஜென்சியில் ஐந்து நிமிஷம் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிறகு அதைப் பற்றிப் பேச்சு இல்லை. வருஷத்தில் ஒரு நாள், சாரல் காலத்துக்கு முன்பு, ஊர் மண்டபத்தில் கூட்டிச் செய்து காட்டலாம். ஆழ்வார்குறிச்சியில் பரமகல்யாணி பெயரில் கல்லூரி இருக்கிறது. பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. இடத்துக்கா குறை? ஆண்களையும் கட்டாயம் கூப்பிட வேண்டும்.

சாலை ஓரத்தில் கோழி சுட்டு விற்கும் கடைகளிலும் ஒரு கண் வேண்டும். வீட்டு சிலிண்டரைக் கடைக்கு உபயோகிப்பது சட்டப்படி குற்றம். மலிவாகக் கிடைக்கிறது என்று உபயோகிப்பவர்கள் அதை பெஞ்சுக்குக் கீழே ஒளித்து வைக்கிறார்கள். மேலே கொதிக்கும் எண்ணெய்; கீழே மூடிவைத்த சிலிண்டர்; பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் குழந்தைகள்! அதிகாரிகள் இதைப் பார்க்காமல் விடக் கூடாது.

சாப்பிட்டு முடிந்தபின்

எல்லோரும் கதை பேசிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அப்போதுதான் ஒருவர் மேலே நிற்க வேண்டும். முதலில் சிலிண்டரை அடைத்து, குழாயில் மிச்சம் இருக்கும் கேஸ் எரிந்து தீரட்டும். பிறகு அடுப்புத் திருகுகளை அடையுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் வாய்க்கு மூடி போடுங்கள். அடுப்பு ஆறியதும் எண்ணெய்த் தட்டைக் கழுவிவிடுங்கள். அடுத்த முறை தீப்பிடிப்பது அதில்தான். கம்பியைப் பிரஷ் போட்டுத் தேய்த்தால், உதிர்ந்த பிரஷ் முள் ஒட்டி இருக்கிறதா என்று ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். அது கறியோடு தொண்டைக்குப் போனால் டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

மிச்ச கேஸோடு இருக்கும் சிலிண்டரை மாடிப்படிக்கு அடியில் உள்ள பொந்தில் திணிக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். இரவில் எழுந்து கேஸ் வாடை அடித்தால் விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு, ஜன்னல்களைத் திறந்து, குழந்தைகளோடு வெளியே வந்து, தெருவில் நின்றுகொண்டு 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண் அது. பகலிலும் இரவிலும் எடுப்பார்கள்.